மழையில் நிற்கும் வண்டி

ஏழைக்கும் செல்வர்க்கும் பொதுவான ஊர்தி மிதிவண்டி. அது தீனி கேளாது, எண்ணெய் கேளாது, ஏறியவனுடைய கால்களின் உழைப்பு ஒன்றையே கூலியாகப் பெற்று ஊர் ஊராகச் சுமந்து செல்லும். இங்கிலாந்து நாட்டுக் கவெண்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-ஆம் ஆண்டில், ஏறக்குறைய ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களை உடையதும், செயினால் பின்சக்கரத்தை இயக்குவதுமான வண்டியை அமைத்தார். பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்பவர் 1888-இல் காற்றடைத்த டயரை அதற்கு அளித்தார். அதன் பின்னர் எத்தனையோ மாறுதல்கள் வந்தன. ஆயினும் வண்டியின் அடிப்படை வடிவம் மாறவில்லை. அதனாற்றான் அறுபது ஆண்டு பழைய சட்டத்தில் இன்றைய சக்கரத்தைப் பூட்டி ஓட்டுதல் இயலுகின்றது.

பழைய பாங்கில் வண்டி அமைத்துக்கொள்ளும் விருப்பம் இக்காலத்தில் பலரிடம் காணப்படுகின்றது. அவருள் சிலர், புதிய வண்டிக்குப் பழைய நிறம் பூசி, வேண்டுமென்றே கீறல் இட்டு, துருக்கறையும் ஏற்றி மகிழ்வர். அது முதுமை அன்று; முதுமையின் வேடம். பழைய வண்டியைப் பழைய வண்டியாகவே நடமாட விடுதல் வேறு வேலை. அவ்வேலை எளிதன்று என்பதைத் தென்காசியை அடுத்த இலஞ்சியில் வாழும் பெரியவர் ஒருவர் ஒன்றரை ஆண்டு உழைத்து அறிந்தார்.

அவர் அஞ்சலகத்தில் பணி செய்து 2020-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையார் துணி வணிகர். தந்தையார் 1956-இல் ஒரு மிதிவண்டி வாங்கினார். கரிய நிறம், இரட்டைக் குழாய் மேற்சட்டம், 28 அங்குலச் சக்கரங்கள், கம்பியால் இயங்கும் பிரேக், பின்னே அகன்ற கேரியர். அந்தக் கேரியரில் வேட்டியும் துண்டும் சேலையுமாக ஆளுயர மூட்டையை ஏற்றிக்கொண்டு அவர் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் சென்று விற்று வருவார். அந்த வண்டி இல்லையேல் அடுப்பு எரிந்திராது என்பது அக்குடும்பத்தார் அறிந்த உண்மை.

1974-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஒரு நாள் அது நேர்ந்தது. குற்றாலத்தில் சாரல் விழும் காலம். மேற்குமலையைக் கடந்து வரும் மென்மழை நாள் முழுதும் ஓயாமல் தூவிக்கொண்டிருக்கும், வந்து நீராடுவோர்க்கு அது இன்பம், வண்டியோட்டுவோர்க்கு அவ்வாறன்று. வணிகர் மூட்டையுடன் சரிவில் இறங்கிவந்தார். எதிரே ஒரு மாட்டுவண்டி திரும்பியது. அவர் பிரேக்கை இறுகப் பற்றினார். வண்டி நிற்கவில்லை. நனைந்த ரிம்மின்மீது பிரேக் கட்டைகள் எண்ணெயில் வழுக்குவதுபோல் வழுக்கின. மாட்டுவண்டியை ஒதுக்கித் திருப்பியவர் மதகுச் சுவரில் மோதி விழுந்தார். இடக்கால் முறிந்தது. எலும்பு கூடியும் கால் முன்போல் மடங்கவில்லை. மிதிவண்டி பரணில் ஏறிற்று. தந்தையார் மீண்டும் அதில் ஏறவே இல்லை. அப்பொழுது மகனுக்கு வயது பதினான்கு.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, தை மாதத்தில் பரணைத் துப்புரவு செய்யும்போது பெரியவர் அந்த வண்டியைக் கீழே இறக்கினார். தூசியைத் துடைத்ததும் மேற்குழாயில் ஓரிடத்தில் கரும்பூச்சுத் தேய்ந்து இரும்பு வெளுத்திருப்பது தெரிந்தது. ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிச் செல்லும்போதெல்லாம் தந்தையாரின் வலக்கை பற்றிய இடம் அது. அன்றே அவர் அவ்வண்டியை மீண்டும் ஓட வைப்பதென்று முடிவு செய்தார். எண்பது கடந்த தாயார் திண்ணையில் அமர்ந்தவாறு இதனைக் கேட்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. “மழையில் நிற்குமா?” என்று மட்டும் கேட்டார்.

அழகைப் பற்றிய கேள்வி அன்று அது. விலையைப் பற்றியதும் அன்று. எனினும் அதன் பின்னர் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் அந்தக் கேள்வியே தேர்ந்தது என்று சொல்லலாம்.

தென்காசியில் நாற்பது ஆண்டுகளாக மிதிவண்டிக் கடை நடத்தும் ஒருவரிடம் பெரியவர் வண்டியைக் கொண்டுசென்றார். கடைக்காரர் முதலில் எந்தப் பாகத்தையும் தொடவில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கைப்பிடியின் கீழே முன்குழாய்களும் கழுத்துக் குழாயும் சேரும் இடத்தைத் துணியால் துடைத்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார். மோதிய வண்டியின் சட்டம் கேடுற்றிருந்தால் அவ்விடத்தில், குழாயின் அடிப்புறத்தில், பூச்சுச் சுருங்கியோ வெடித்தோ காணப்படும். அங்கே சுருக்கம் இல்லை. பின்பு ஒரு நூலை எடுத்தார். பின்சக்கரம் பொருந்தும் பிளவு ஒன்றில் நூலின் ஒரு முனையைக் கட்டி, முன்னே கழுத்துக் குழாயைச் சுற்றிக் கொணர்ந்து, மறுபக்கப் பிளவில் இழுத்துக் கட்டினார். நூலுக்கும் நடுவே நிற்கும் இருக்கைக் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தார். இரண்டும் ஒத்திருந்தால் சட்டம் நேரானது, வேறுபட்டால் கோணியது. வேறுபாடு ஒரு நெல்மணியின் பருமன்கூட இல்லை. ஒரு முழம் நூலின் விலையில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைச் செய்யாமல், பெரும்பொருள் செலவிட்டுப் புதுச் சக்கரங்களை வாங்கியபின் வருந்துவோர் பலர்.

“சட்டம் பிழைத்துக்கொண்டது, அண்ணாச்சி, ஆனால் போர்க்குப் பிழைக்கவில்லை” என்றார் கடைக்காரர். போர்க்கு என்பது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை. மோதிய வேகத்தில் அதன் இரு கால்களும் பின்னோக்கி வளைந்திருந்தன. வளைந்த இடத்தில் குழாய் நசுங்கியும் இருந்தது. சிறிது வளைந்த எஃகினை நிமிர்த்தலாம். நசுங்கியதனை நிமிர்த்தினால் அது கண்ணுக்கு நேராகத் தோன்றுமேயன்றி வலிமை மீளாது. முன்கவை ஓடும்போது ஒடிந்தால் ஓட்டுபவன் முகம் தரையில் மோதும். தந்தையாரின் பொருள் என்னும் பற்று பெரியவர்க்கு இருந்தது. ஆயினும் அதனை விட்டுவிட இசைந்தார்.

பழம்பொருள் விற்போர் பலரிடம் தேடி, மதுரையிலிருந்து அதே வடிவினதாகிய வேறொரு முன்கவை வந்தது. அதன் முடி, கால்களின் வளைவு, தண்டின் நீளம் எல்லாம் பழையதனோடு ஒத்திருந்தன. கழுத்தில் பூட்டும் பழைய திருகு வளையத்தை அதன் தண்டில் பொருத்தித் திருகியபோது, இரண்டு சுற்று எளிதாகச் சென்றது. மூன்றாம் சுற்றில் இறுகி நின்றுவிட்டது. மேலும் வலிந்து திருகக் கடை இளைஞன் ஒருவன் நெம்புகோலை எடுத்தான். கடைக்காரர் அவன் கையைப் பற்றித் தடுத்தார். பழைய வளையத்தில் ஓர் அங்குலத்துக்கு 24 புரிகள்; புதிதாக வந்த தண்டிலோ 26 புரிகள். பருமன் ஒன்றே, புரியின் நெருக்கம் வேறு. இங்கிலாந்தில் ஒரு பெருந்தொழிற்சாலை பிற தொழிற்சாலைகள் யாவும் கைக்கொண்ட அளவை விடுத்துத் தனக்கென ஓர் அளவை வைத்துக்கொண்டதன் விளைவு அது. வலிந்து திருகியிருந்தால் இரண்டின் புரிகளும் அழிந்திருக்கும். முன்கவையை வாங்கும்போதே அதற்குரிய வளையத்தையும் சேர்த்து வாங்காதது பெரியவரின் பிழை. அந்தச் சிறு வளையத்துக்காக இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தது.

இனி, பிரேக். இந்த வண்டியின் தலையாய சிக்கல் அதுவே.

பழைய வண்டிக்கு முகம் தருவன அதன் பிரேக் கம்பிகள். கைப்பிடியின் அடியில் அதனோடு இணையாக ஓடும் பிடிகள். அவற்றிலிருந்து இறங்கும் பளபளப்பான கம்பிகள். சக்கரத்தைத் தழுவி நிற்கும் குதிரை லாடம் போன்ற கவை. அதன் இரு முனைகளிலும் ரப்பர்க் கட்டைகள். பிடியை அழுத்தினால் கம்பி மேலே இழுபடும்; கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், குடத்தை நோக்கிய பக்கத்தில், சென்று அழுந்தும். வறண்ட சாலையில் இவ்வமைப்பு நன்றாகவே வேலை செய்யும், அறுவதற்கு அதில் கயிறு இல்லை, பழுதும் அரிது. அதன் குறை கம்பியில் இல்லை, ரிம்மில் இருக்கிறது. எஃகு ரிம்மின்மீது துருவேறாமைக்காகக் குரோமியம் பூசுவர். கண்ணாடிபோல் வழவழப்பான அந்தப் பரப்பில் நீர் படிந்தால், ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். வறண்டபோது இருக்கும் பிடிப்பில் ஒரு சிறு பகுதியே அப்பொழுது எஞ்சும். சக்கரம் பலமுறை சுழன்று நீர் வழித்தெடுக்கப்பட்ட பின்னரே கட்டை பற்றத் தொடங்கும். அந்தப் பலமுறைச் சுழற்சிக்குள்தான் 1974-இல் மதகுச் சுவர் வந்துவிட்டது.

கம்பிகளை இழக்கப் பெரியவர்க்கு மனம் வரவில்லை. ஆகவே முதலில் அவற்றை வைத்துக்கொண்டே வழி காண முயன்றார். தோல் பதித்த பிரேக் கட்டைகள் உண்டு. ரப்பரைவிட நனைந்த எஃகினை அவை நன்றாகப் பற்றும். அவற்றை வருவித்துப் பழைய சக்கரத்தில் பொருத்தி, தம் தெருச் சரிவில் சோதித்தார். சுண்ணக்கட்டியால் சாலையில் ஒரு கோடு. அக்கோட்டைத் தொட்டதும் பிரேக். நின்ற இடத்தில் மற்றொரு கோடு. வறண்ட ரிம்மில் ஐந்து எட்டுத் தொலைவில் வண்டி நின்றது. ஒரு குடம் நீரை ரிம்மில் ஊற்றியபின் அதே வேகத்தில் வந்தபோது பதினொன்றாம் எட்டில் நின்றது. ரப்பர்க் கட்டைகளைவிட இது மேல் என்று கடைக்காரர் கூறினார். மேல்தான், ஆனால் தாயாரின் கேள்விக்கு விடை அன்று.

அலுமினிய ரிம்மை நனைந்த நிலையிலும் கட்டைகள் ஓரளவு நன்றாகப் பற்றும். ஆயினும் அதற்கேற்ற பக்கப் பிரேக்கைப் பொருத்த முன்கவையின் முடியில் துளை வேண்டும். இவ்வண்டியில் துளை இல்லை. துளையிட்டால் முடியின் வலிமை குன்றும். ஆகவே அவ்வழியும் அடைபட்டது.

எஞ்சியது டிரம் பிரேக். சக்கரத்தின் நடுவே உள்ள குடத்தையே ஒரு சிறு பேழையாக அமைத்து, அதனுள் இரண்டு வளைந்த பிரேக் கட்டைகளை வைத்திருப்பர். பிடியை அழுத்தினால் கட்டைகள் விரிந்து பேழையின் உட்சுவரில் அழுந்தும். மூடிய பேழைக்குள் மழைநீர் எளிதில் புகாது. ஆதலின் ரிம் நனைந்தாலும் சேற்றில் புரண்டாலும் பிரேக்குக்குக் கவலையில்லை. இது இக்காலத்தார் கண்ட புதுமை என்று எண்ணற்க. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 1902-இல் தோன்றிய ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1930-களிலேயே மிதிவண்டிக்கு டிரம் பிரேக் செய்து விற்றது. 2000-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தைவான் நாட்டாரின் கைக்கு மாறிற்று. டிரம் பிரேக் செய்வது அங்கும் தொடர்ந்தது. ஆதலின் பழைய வண்டிக்கு அந்நியமாகாத பிரேக்கே அதனைக் காக்கும் பிரேக்காகவும் அமைந்தது. பெரியவரின் மனத்தில் இருந்த தடை பாதி நீங்கியது.

பேழையின் விட்டத்தில் 70 மில்லிமீட்டர், 90 மில்லிமீட்டர் என இருவகை உண்டு. நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கே உரியது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதே காரணம். ஆகவே முன்னே 90, பின்னே 70 என்று முடிவாயிற்று.

ஒரு பாகத்தைத் தேர்ந்தால் அது தனியே வருவதில்லை. தன் சுற்றத்தையும் அழைத்துக்கொண்டு வரும் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. பழைய வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 ஆரக்கம்பிகளும் பின்சக்கரத்துக்கு 40 ஆரக்கம்பிகளும் பூட்டுவது ஆங்கில மரபு. பாரம் பின்னே மிகுதி என்பதால் அவ்வாறு வகுத்தனர். புதிய குடங்கள் இரண்டிலுமோ 36 துளைகள். பழைய ரிம்கள் இரண்டும் அவற்றுக்குப் பயன்படா. 36 துளையுள்ள பழைய அளவு ரிம் அவர் தேடிய கடைகளில் அகப்படவில்லை.

இங்கே சக்கரத்தின் அளவைப் பற்றி ஒரு செய்தி கூறுதல் வேண்டும். 28 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரங்கள் உலகில் உள்ளன. அப்பெயர் டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகக் குறிப்பது. டயர் அமரும் ரிம்மின் அளவை அது கூறாது. பழைய சாலை வண்டியின் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இக்காலத்துப் பெரும்பாலான வண்டிகளின் ரிம்மில் அது 622 மில்லிமீட்டர். இரண்டையும் 28 என்றே அழைப்பர். வேறுபாடு 13 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. டயரின் பக்கத்தில் 40-635 என்றோ 47-622 என்றோ அச்சிட்டிருக்கும் எண்களுள் முன்னது டயரின் அகலம், பின்னது ரிம்மின் விட்டம். கடையில் அங்குலக் கணக்கைச் சொல்லி வாங்குபவன் ஏமாறுவான். இந்த எண்ணைப் படித்து வாங்குபவன் ஏமாறான்.

622 அளவு ரிம்மில் 36 துளை எங்கும் கிடைக்கும். ஆனால் சக்கரம் சிறுத்தால் வண்டி தாழாதோ, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே வெற்றிடம் தோன்றாதோ என்று பெரியவர் ஐயுற்றார். பின்னர்க் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தார். பழைய டயரின் பருமன் 40, ரிம் 635, இருபுறமும் சேர்த்து வெளிவிட்டம் 715 மில்லிமீட்டர். புதிய ரிம்மில் 47 பருமனுள்ள டயரை ஏற்றினால் 622-உடன் 94 சேர்ந்து 716. ஒரு மில்லிமீட்டரே வேறுபாடு! பழைய மட்கார்டின் அகலமும் அதற்கு இடங்கொடுத்தது. பருத்த டயர் மேடுபள்ளங்களில் மெத்தெனச் செல்லும் என்பது கூடுதல் ஆதாயம். கட்டைகள் ரிம்மைத் தொடுகிற பிரேக்காக இருந்திருந்தால் இந்த மாற்றம் இயன்றிராது. ரிம் உள்ளே ஒடுங்கினால் கட்டைகளும் இடம் மாற வேண்டும். பிரேக் குடத்துக்குள் புகுந்துவிட்டதால் ரிம் விடுதலை பெற்றது. அதற்குக் கருநிறம் பூசவும் முடிந்தது. தேய்த்து அழிக்கத்தான் கட்டைகள் இல்லையே!

புதிய குடத்தின் அகலம் 100 மில்லிமீட்டர். முன்கவையின் கால்களுக்கு இடையே இருந்ததோ 92. கடைக்காரர் திருகுக் கம்பி ஒன்றை இடையில் வைத்துச் சிறிது சிறிதாக விரித்து, விரித்தபின் இரு கால்களும் நடுவிலிருந்து சமதூரத்தில் நிற்கின்றனவா என்று அளந்து சரி செய்தார். எஃகு இதற்கு இணங்கும், அலுமினியமாயின் வெடித்துவிடும். பேழையின் பக்கத்திலிருந்து நீளும் ஒரு தகட்டுக் கையை முன்கவையின் காலோடு பட்டையால் பிணைத்தார். பிரேக் பிடிக்கும்போது குடத்தின் உட்பகுதியும் சக்கரத்தோடு சுழல முயலும். அதனைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கையே. இதன் திருகு தளர்ந்தால் பிரேக் இல்லை, இருந்தும் கேடு. ஆதலின் அதற்கு மட்டும் தளராத வகைத் திருகாணியை இட்டு, இருமுறை சோதித்தார்.

பின்குடத்தைப் பற்றியும் கூற வேண்டும். அதனுள் பிரேக்குடன் மூன்று கியர்களும் அடங்கியிருந்தன. அச்சில் அசையாமல் நிற்கும் நடுப்பல்லுருளை. அதனைச் சுற்றி ஓடும் சிறு பல்லுருளைகள். அவற்றைச் சூழ்ந்த பல்வளையம். ஞாயிற்றைக் கோள்கள் சுற்றுவதுபோன்ற அமைப்பு அது. 1936-இல் நாட்டிங்காமில் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஏ.டபிள்யூ. என்னும் குடத்தில் நடுவுருளைக்கு 20 பற்கள், வளையத்துக்கு 60. இருபதை அறுபதால் வகுத்தால் மூன்றில் ஒன்று. ஆகவே மேல் கியரில் சக்கரம் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகச் சுழலும். கீழ்க் கியரில் முக்கால் பங்கே சுழலும். நடுக்கியரில் உள்ளது உள்ளவாறு. பெரியவர் வாங்கிய குடமும் இதே விகிதத்தினது.

கியர் இருந்தால் ஏற்றம் எளிதாகிவிடும் என்று நினைப்பது பாதி உண்மை. தந்தையாரின் வண்டியில் மிதிக்கும் பக்கத்துப் பல்சக்கரத்துக்கு 48 பற்கள், பின்னே 18. ஒரு மிதியில் வண்டி 6 மீட்டர் ஓடும். சம தரையில் இது சுகம். மூட்டையேற்றிய வணிகர் ஏற்றங்களில் இறங்கித் தள்ளினார் எனின் அதற்கு இந்தக் கணக்கே காரணம். அதே பற்களோடு கீழ்க் கியரை இட்டால் ஒரு மிதிக்கு நான்கரை மீட்டர். அறுபதைக் கடந்த முழங்காலுக்கு அதுவும் மிகுதி. பின்னே 18 பல்லுக்கு மாற்றாக 22 பல்லுள்ள சிறு பல்சக்கரத்தைப் பூட்டியதும் நடுக்கியர் 4.9 மீட்டராகவும், கீழ்க் கியர் 3.7 மீட்டராகவும் இறங்கின. மேல் கியரில் 6.5 மீட்டர்; தந்தையார் சென்ற வேகத்துக்கு மேலாகவே செல்லலாம். செயின் ஓர் அங்குலம் நீள வேண்டியதாயிற்று. வண்டிக்குச் செய்த செலவுகளுள் மிகச் சிறியது இந்தப் பல்சக்கரமே. முழங்கால்கள் மிகுதியும் வாழ்த்தியதும் இதனையே.

இருக்கையைத் தேர்வதில் அவர் தடுமாறினார். ஒடுங்கிய பந்தயத் தோல் இருக்கை ஒன்று அவர் கண்ணைக் கவர்ந்தது. ஆனால் பந்தய வண்டியில் கைப்பிடி தாழ்ந்திருக்கும், ஓட்டுபவன் குனிவான், அவன் பாரத்தைக் கைகளும் கால்களும் பகிர்ந்துகொள்ளும். நிமிர்ந்து அமரும் சாலை வண்டியிலோ உடலின் பாரம் பெரும்பாலும் இருக்கையின்மேல் இறங்கும். கைப்பிடி உயர்ந்தால் இருக்கை அகல வேண்டும். அடியில் சுருள்வில்லும் வேண்டும். கைப்பிடி தந்தையாருடையதே இருக்கட்டும் என்று அவர் முன்னரே முடிவு செய்திருந்தமையால், இருக்கையும் அப்பொழுதே முடிவாகிவிட்டது. சுருள்வில் பொருத்திய அகன்ற தோல் இருக்கையையே வாங்கினார். தோல் முதல் மாதம் மரப்பலகை போலிருக்கும். பின்னர் அமர்பவன் உடலுக்கேற்ப இடம் கொடுக்கும். அதனை நனைய விடலாகாது என்பதால் சாரல் நாளில் மேலே போர்த்த ஒரு மெழுகுத்துணி உறையும் தைத்துக்கொண்டார்.

மற்றவை விரைவில் முடிந்தன. மிதிக்கும் அச்சின் கிண்ணங்கள் தேயாமல் இருந்தன. ஒரு பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு கால் அங்குலப் பால்ரஸ் குண்டுகளைப் புதிதாக இட்டுப் பசையெண்ணெய் பூசினர். காட்டர் பின்கள் இரண்டும் புதியவை. பழைய விளக்கின் கூட்டுக்குள் இக்கால எல்.இ.டி. விளக்கு அமர்ந்தது. வண்ணம் பூசுபவர் வந்து, சட்டத்தை உரித்துப் புதுப் பூச்சிட்டுப் பொன்கோடும் இழுத்துத் தருவதாகக் கூறினார். பெரியவர் மேற்குழாயில் வெளுத்திருந்த இடத்தில் கையை வைத்தவாறு, “இது இப்படியே இருக்கட்டும்” என்றார். துரு ஏறாமல் இருக்க எண்ணெய் தேய்த்ததோடு சரி.

பழைய கம்பிகளையும் லாடக் கவையையும் கழற்றிய நாள் அவர் வீட்டுக்குச் சற்று வாடியே திரும்பினார். கயிறு செல்லும் கரிய குழல்கள் கைப்பிடியிலிருந்து இறங்குவது அவர் கண்ணுக்குப் பழகப் பல நாள் சென்றது. தந்தையாரின் வண்டியை அறிந்தவர் எவரும் முதலில் அதனையே குறையாகச் சொன்னார்கள். கம்பிகளைத் துடைத்து எண்ணெய் பூசிப் பரணில் வைத்தார்.

2022-ஆம் ஆண்டு ஆனி மாதம் வண்டி முழுமை பெற்றது. புதிய டிரம் பிரேக் முதல் நாளே முழுப் பிடிப்பையும் காட்டாது. உள்ளிருக்கும் கட்டைகள் பேழையின் சுவரோடு தேய்ந்து பொருந்தச் சில நாள் வேண்டும். அதனை அறியாத சிலர், வாங்கிய அன்றே குறை கூறுவர். பெரியவர் இரண்டு வாரம் தென்காசிக்கும் இலஞ்சிக்கும் இடையே மெல்ல ஓட்டி அதனைப் பழக்கினார். பின்னர் மீண்டும் தெருச் சரிவில் சுண்ணக்கோடு. மீண்டும் ஒரு குடம் நீர். வறண்டபோது நான்கு எட்டு. நனைந்தபோதும் நான்கு எட்டு. கோட்டை அழிக்காமல் விட்டுவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் சாரல் தொடங்கிற்று. காலையில் அவர் குற்றாலம் வரை சென்றார். ஏற்றத்தில் ஓரிடத்திலும் இறங்கவில்லை. திரும்பும்போது மழை வலுத்தது. பழைய மதகு இப்பொழுது அகன்ற பாலமாகிவிட்டது. எனினும் அவ்விடம் வந்ததும் அவர் கை தானே பிடியை அழுத்திற்று. வண்டி நின்றது. எதிரே ஒன்றும் வரவில்லை. சிறிது நேரம் ஒரு காலைத் தரையில் ஊன்றியவாறு நின்றுவிட்டுப் புறப்பட்டார்.

தாயார் திண்ணையில் காத்திருந்தார். தெருச் சரிவில் இறங்கி வந்த வண்டி சரியாக வாயிற்படியின் எதிரே நின்றது. ரிம்மிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாயார் எழுந்து வந்து முன்சக்கரத்தின் நடுவிலிருந்த பருத்த குடத்தைக் குனிந்து பார்த்தார்.

“அந்தக் கம்பிகள் எங்கே?” என்றார்.

“பரணில் இருக்கின்றன, அம்மா.”

“அங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் இருக்கையின் உறைமேல் தங்கியிருந்த நீரைத் துடைத்தார்.